‘டைனோசர் இல்லை’ என்று சொன்ன டீச்சர்

எதிர்வீட்டுப் போனில் என்னைக் கூப்பிட்டது வேணி டீச்சரின் அண்ணி. “ரெங்கம், வேணி காலையில எந்திரிக்கலம்மா,” என்றார். கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, நின்றிருந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கிருஷ்ணன்கோவில் வந்தபோதுதான் அவர் வீடு இருக்கிற ராஜபாளையத்துக்குப் பதிலாக மதுரை பஸ்ஸில் ஏறியிருப்பது தெரிந்தது. இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றேன். மரத்தடியில் உட்கார இடம் இருந்தது. உட்கார முடியவில்லை.

இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்து நாலு வரி போவதற்குள் எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துவிட்டு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவரிடம் படித்தவர்களுக்கும், எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ‘டைனோசர் டீச்சர்’ என்றுதான் நீங்கள் எல்லோரும் அவரைச் சொல்வீர்கள். அந்தப் பெயரால் அவர் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் விலங்கியல் ஆசிரியையாக வந்தபோது நான் அங்கே தமிழ் ஆசிரியை. தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருந்தார். ஆசிரியர் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவருடைய குடை உட்கார்ந்திருக்கும், அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டே சாப்பிடுவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எதற்காவது அவசரப்பட்டால் “பத, பத” என்பார். ‘நட, நட’ என்று அர்த்தம். வருவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிடும்.

அவர் வந்த வருஷமே தலைமையாசிரியையிடம் திட்டு வாங்கினார். விளையாட்டு விழாவுக்குக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியை எல்லாம் எடுத்து, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு டைனோசரை நிஜ அளவில் வரைந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் வயிற்றுக்குள் நின்றார்கள். நின்றும் இடம் மிச்சம் இருந்தது. “எதுக்கு டீச்சர் இந்த வேலை? புத்தகத்துல படம் இல்லையா?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

“புத்தகத்துல பாத்தா ஓணான் மாதிரி இருக்கு மேடம். உள்ள போயி நின்னாத்தான எம்புட்டுப் பெருசுன்னு தெரியும்.”

அந்த வருஷம் ஓட்டப்பந்தயத்துக்கு அடுப்புச் சாம்பலில்தான் கோடு போட்டோம்.

அப்போது குஜராத்தில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்திருந்தன. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் பக்கத்தில் எங்கே தேடலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு என்று படித்துவிட்டு, கோடை விடுமுறையில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மதுரையில் ஒரு பஸ், திருச்சியில் ஒரு பஸ். சுண்ணாம்புக்கல் குழியின் ஓரத்தில் இரண்டு பெண்கள் குனிந்து நடப்பதைப் பார்த்த காவலாளி, “என்னம்மா தொலைச்சீங்க?” என்று கேட்டுத் தானும் தேட ஆரம்பித்துவிட்டார். எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட சங்குக் கல் ஒன்று கிடைத்தது. அதைத் துடைத்து என் கையில் வைத்தார். “ரெங்கம், நாம இப்ப கடலுக்கு அடியில நிக்கிறோம்,” என்றார். மே மாத வெயில். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டிருந்தது எனக்கு.

திரும்பி வரும்போது, “நம்ம ஊர்ல கிடைக்காதா வேணி? இம்புட்டுப் பெரிய மலை இருக்கே,” என்று கேட்டேன்.

“நம்ம ஊர்ப் பாறைக்கு வயசு ரொம்ப ஜாஸ்தி. அது பொறந்தப்ப எலும்புன்னு ஒண்ணே உலகத்துல கிடையாது,” என்றார். சொல்லும்போது வருத்தமாகத்தான் சொன்னார்.

யாளியைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டதையும் சொல்ல வேண்டும். கோயில் தூணில் இருக்கிற யாளிதான் டைனோசரா, நம் முன்னோர்கள் அதைப் பார்த்துத்தான் செய்தார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். வகுப்பு சிரித்தது. வேணி டீச்சர் சிரிக்கவில்லை. டைனோசர்கள் அழிந்து ஆறரைக் கோடி வருஷம் ஆகிறது, மனிதர்கள் வந்தது நேற்றுப் போல, ஆகையால் பார்த்திருக்க வழியில்லை என்றார். ஆனால், மண்ணுக்குள்ளிருந்து வந்த பெரிய எலும்புகளைப் பார்த்துவிட்டு, இது அசுரன், இது பாரதப் போரில் செத்தவன் என்று நம்மவர்கள் சொன்னது போலவே உலகமெங்கும் மனிதர்கள் கதை கட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். “கதை தப்பா இருக்கலாம். எலும்பு நெசம். அதனால கதையக் கேட்டுச் சிரிக்காதீங்க, எங்க கிடைச்சுதுன்னு கேளுங்க.” சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு யாளியாகக் காட்டி, சிங்கம் எது, யானை எது என்று பிரித்துச் சொல்ல வைத்தார்.

தொண்ணூறுகளில் அந்த இங்கிலீஷ் டைனோசர் படம் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் பக்கத்துத் தியேட்டர்களுக்கு வந்தது. அதன்பிறகு ஊரில் எல்லாமே டைனோசர்தான். ஓணானை அடிக்கிற பையன்கூட டைனோசரை அடித்தேன் என்றான். அந்தச் சமயத்தில் சுந்தரபாண்டியத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் கண்மாய் தூர் வாரினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். வண்டலுக்கு அடியிலிருந்து பெரிய எலும்பு ஒன்று வந்தது. இடுப்பளவு உயரம். அந்த ஊர்ப் பெரியவர் குருசாமி டி.வி.எஸ். ஃபிப்டியில் பள்ளிக்கூடத்துக்கே வந்து, “டைனோசர் டீச்சர் யாரு?” என்று கேட்டார்.

நாங்கள் போனபோது அதைக் கரையில் வேப்பமரத்தடியில் நிமிர்த்தி வைத்து, மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள். வேணி டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போனார். விரலால் தட்டினார், முகர்ந்தார், மூட்டு முனையைத் தடவினார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் பார்த்ததில்லை. “பெரிய மிருகம். பாத்துத்தான் சொல்லணும்,” என்றார். கூட்டத்தில் யாரோ பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் ‘பெரிய மிருகம்’ டைனோசராகி, அவர் அதைக் கண்டுபிடித்தவராகிவிட்டார். அந்த ஊர் முக்கில் ‘டைனோசர் டீ ஸ்டால்’ என்று போர்டே வைத்துவிட்டார்கள்.

கல்லாகாத எலும்பு டைனோசருடையதாக இருக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பழுப்புத் தாளை ஒட்டி ஒட்டி, எலும்பை அதன்மேல் படுக்க வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்தார். அந்தத் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் போய், மியூசியத்தில் நிற்கிற யானை எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார். யானையின் தொடை எலும்பு. இம்மி பிசகவில்லை.

அதற்குள் ஊரில் விழா ஏற்பாடாகிவிட்டது. மாவட்டத் தலைநகரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. விழாவுக்கு முந்தின நாள் குருசாமியைப் பார்த்து உண்மையைச் சொல்லப் போனோம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

“எங்க ஊருக்கு பஸ்ஸு வராது டீச்சர். ரோடு இருந்தாத்தான வரும்? போன மழையில எம் மருமகளக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு மெயின் ரோட்டுக்கு வந்தோம். பிள்ள தங்கல. எம்புட்டு மனு குடுத்தாச்சு, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்ப இந்த எலும்புக்காக வாராவ. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ரோடு வந்த பொறவு யானைன்னு சொன்னா யாரு என்ன செய்யப் போறா?”

வேணி டீச்சர் எழுந்துவிட்டார். மெயின் ரோடுவரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார், நின்றார், திரும்பி என்னிடமே வந்தார்.

“நீ தமிழ் டீச்சர்தான ரெங்கம்? ஆமான்னு சொல்லாம ஆமான்னு சொல்றதுக்கு ஏதாவது வார்த்தை இருக்கா?”

“‘இருக்கலாம்’னு சொல்லேன்.”

அதை இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “நல்ல வார்த்தைதான். ஆனா அது தெரியாதவங்க சொல்றது. எனக்குத் தெரிஞ்சு போச்சே.”

மறுநாள் மேடையில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். “இது டைனோசர் இல்லை. யானை,” என்றார். கூட்டம் முதலில் அதைப் புரிந்துகொள்ளவே இல்லை, கை தட்டிவிட்டது. அவர் திரும்பவும் சொன்னார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார். “ஐயா, செத்த மிருகத்தப் பாக்க இம்புட்டு தூரம் வந்துட்டீங்க. இங்க உசிரோட மனுசங்க இருக்காங்க. அவிய ரோடு கேக்காங்க. வந்த வழியிலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.” அதிகாரி, மனு கொடுங்கள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறினார்.

எங்களை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. பந்தலை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். நாங்கள் கரையில் இறங்கி நடந்தபோது குருசாமியின் மருமகள் எதிரே வந்தாள். “ஒத்த வார்த்தைதான டீச்சர் கேட்டோம்?” என்றாள். வேணி டீச்சர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் விலகிப் போய்விட்டாள்.

“நாளைக்கு வேற யாராவது வந்து யானைன்னு கண்டுபிடிச்சா, பொறவு இந்த ஊரு குடுக்கிற எந்த மனுவையும் எவனும் நம்ப மாட்டான்,” என்று பஸ்ஸில் வேணி டீச்சர் சொன்னார். கொஞ்ச தூரம் போன பிறகு, “இல்ல ரெங்கம். இது இப்ப யோசிச்ச சமாதானம். அங்க எனக்கு வாய் வரல, அம்புட்டுத்தான்,” என்றார். நான் இறங்கிய பிறகு, சீட் காலியாக இருந்தும் ராஜபாளையம்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார் என்று மறுநாள் கண்டக்டர் என்னிடம் சொன்னார்.

அதன்பின் அவர் அந்த ரோட்டுக்காக அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. மனுவை நான் எழுதுவேன், அவர் கொண்டு போவார். ஆபீஸ் வாசலில் நிற்பார், விரட்டுவார்கள், அடுத்த வாரமும் போவார். வெகுநாள் தனியாகத்தான் போனார். ஒருநாள் அதே ஆபீஸ் வாசலில் குருசாமி வந்து பக்கத்தில் நின்றாராம். பிறகு, “சரி டீச்சர், யானைன்னே வச்சுக்குவோம். மலையில கிடக்க யானை எங்க கம்மாய்க்கு அடியில எதுக்கு வந்து படுத்துச்சு?” என்று கேட்டிருக்கிறார். கண்மாய் வெட்டுவதற்கு முன்பே அது அங்கே செத்ததா, தண்ணீர் தேடி வந்து சேற்றில் புதைந்ததா, யாராவது கொண்டு வந்து புதைத்தார்களா? வேணி டீச்சருக்குத் தெரியவில்லை. கடைசிவரை இருவரும் அதைப் பேசிக்கொண்டே இருந்தார்கள், கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர் மட்டும் முடிவு செய்துவிட்டது. யானை என்றால் பிள்ளையார்தான் என்று எலும்பைப் பிள்ளையார் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

ரோடு வந்தது. எங்கள் மனுவால் வந்ததா, தேர்தலால் வந்ததா என்று தெரியாது. முதல் பஸ் போன அன்று குருசாமியின் மருமகள் இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு படியில் நின்றதைப் பார்த்ததாக வேணி டீச்சர் சொன்னார். அவரைப் பார்த்து அவள் சிரித்தாளா என்று கேட்டேன். “பிள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தேன், அவளப் பாக்கல,” என்றார்.

கடைசி வருஷங்களில் அவருக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. நடக்கக் கூடாது என்றார் டாக்டர். அப்போதுதான் சீனாவில் இறகு வைத்த டைனோசர் கிடைத்த செய்தி வந்தது. பேப்பரைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நான் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, யாருக்குச் சோறு வச்சிருக்கன்னு தெரியுமா உனக்கு? அதோட காலப் பாரு. அழிஞ்சு போச்சுன்னு வருசக்கணக்கா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன். அழியவே இல்லடி, பறவையாப் பறந்துக்கிட்டு இருக்கு!”

இப்படிக் கூவியதைக் கேட்டுப் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். குருசாமியும் வந்திருந்தார். மொட்டைமாடியில் இலை போட்டுச் சோறு வைத்தோம். காக்கை வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணியின் குரல் கம்மிப் போனது. ரொம்பத் தாமதமாக ஒன்று வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, இறங்கி, ஒரு வாய் எடுத்தது. கறுத்த கால், செதில் செதிலாக.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெங்கம், வேணிதான வந்திருக்கா?”

நான் வைணவக் குடும்பத்தில் பிறந்தவள், செத்தவர்கள் காக்கையாக வருவார்கள் என்று கேட்டே வளர்ந்தவள். எத்தனையோ வீட்டு மாடிகளில் எத்தனையோ பேருக்கு ‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கிறேன். அந்தம்மாவுக்கு அன்றைக்கு வேண்டியதும் அந்த ஒரு வார்த்தைதான். வாய் வரவில்லை.

“தெரியலக்கா,” என்றேன்.

அண்ணி என் கையை விட்டார். “அவளும் இப்பிடித்தான் சொல்லுவா,” என்று சொல்லிவிட்டு, குனிந்து இன்னொரு பிடி சோற்றை இலையில் வைத்தார்.

வேணி டீச்சர் பொறுக்கிய கற்களை அண்ணன் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். குடையை அண்ணி வைத்துக்கொண்டார். எனக்கு மிஞ்சியது இந்தத் ‘தெரியல’தான். இதை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார முடியாது. அவரும் உட்கார்ந்ததில்லை.