சத்தம் போடாத கட்டில்

கம்பாலாவில் ந்தேபா பக்கம் கட்டில் வாங்கப் போகிறவர்கள் ரோட்டோரக் கடைகளைத் தாண்டி உள்ளே நுழைவதில்லை. நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணில் படுகிற இடத்திலேயே கட்டில்கள் வார்னிஷ் மினுமினுக்க நிற்கும். பேரம் பேச ஆள் ஓடி வருவான். நலுபோவாவின் கொட்டகையோ மரக்கிடங்குக்குப் பின்னால், அறுவை மில்லின் சுவரை ஒட்டி இருந்தது. அங்கே ஒரு பெண் கட்டில் செய்கிறாள் என்பது மரத்தூள் அள்ள வருகிறவர்களுக்கும் சுற்றித் திரிகிற ஆடுகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

வேறு இடம் கிடைக்கவில்லை. ரோட்டோரத்தில் பாதிக் கடைகள் கசுஜ்ஜாவுடையவை. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நலுபோவா அவரிடம்தான் உப்புத்தாள் தேய்த்தாள். உளியைத் தொடவே விட மாட்டார் மனிதர். பெண்பிள்ளை கைக்கு உப்புத்தாள்தான் பொருந்தும் என்பது அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. மத்தியானம் மற்றவர்கள் மத்தோக்கே சாப்பிடப் போன நேரமெல்லாம் அவள் கழிவுக் கட்டைகளில், மரத்தோடு மரம் கோக்கிற கழுந்தும் துளையும் வெட்டிப் பழகினாள். கை படிந்தது என்று தெரிந்ததும் வேலையை விட்டுக் கிளம்பிவிட்டாள். கசுஜ்ஜா வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

“போயிட்டு வா, போ. ஈஸ்டர் வரைக்கும் தாங்க மாட்டே. உன் உப்புத்தாளை யாருக்கும் குடுக்காம எடுத்து வைக்கிறேன்.”

கடை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கிறிஸ்துமஸ் போயிற்று, தவக்காலமும் வந்தது. கொட்டகையில் செய்து வைத்த கட்டில்கள் தூசி படிந்து நின்றன. ஈஸ்டர்வரை பார்ப்பது, அதற்கும் நகராவிட்டால் கொட்டகையைக் காலி செய்துவிட்டுக் கசுஜ்ஜாவின் வாசலிலேயே போய் நிற்பது என்று அவளும் உள்ளுக்குள் முடிவுக்கு வந்துவிட்டாள்.

வீடியோ யோசனை சைதூனியுடையது. சைதூனி சந்து முனையில் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டி விற்கிறவள். ஆள் நல்ல பருமன், குரல் அதைவிடப் பருமன்.

“ஆள் உள்ள வரலன்னா கட்டில் வெளிய போகணும்டி. போன் எதுக்கு வச்சிருக்க, மணி பாக்கவா?”

நலுபோவா கோயிலுக்கு உடுத்துகிற நீள அங்கியான கோமேசியை உடுத்திக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று, “எங்களிடம் தரமான கட்டில்கள் நியாயமான விலையில் கிடைக்கும்” என்று வானொலிச் செய்தி மாதிரி ஒப்பித்தாள். அதைப் பார்த்தவர்கள் அவளுடைய தங்கை, சைதூனி, அப்புறம் யாரென்றே தெரியாத ஒரு துருக்கிக்காரர்.

“உன்னைவிடக் கட்டில் உயிரோட இருக்கு,” என்றாள் சைதூனி. “நீ பேசாத. அதுக்கு என்ன தெரியும்னு காட்டு.”

அந்தக் கட்டிலுக்கு ஒன்றுதான் தெரியும். அது முனகாது. ஊரில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் குடியேறுவது பெரும்பாலும் முஸிகோவில், அதாவது வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில். நடுச்சுவர் கூரையைத் தொடாது. இந்த அறையில் இருமினால் அடுத்த அறையில் ‘உடம்பு எப்படி’ என்று கேட்பார்கள். கட்டில் கிறீச்சிட்டால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெண்ணால் தலை நிமிர முடியாது. இந்தப் புகாரோடு கசுஜ்ஜாவிடம் திரும்பி வந்தவர்களை நலுபோவா நிறையப் பார்த்திருக்கிறாள். எண்ணெய் விடுங்கள் என்று அனுப்பிவிடுவார். அவள் தன் கட்டிலுக்குக் கழுந்தை இறுக்கமாகச் சீவி ஆப்பு அடித்தாள். மரமும் மரமும் உரசக் கூடாதென்று குறுக்குப் பட்டிகளுக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூபைக் கீறி ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, மில் ஓடாத நேரமாகப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிக் குதித்தாள். சைதூனி ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் வீடியோ எடுத்தாள். குதித்துக் குதித்து மூச்சு வாங்கியதே தவிர நலுபோவா ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலத்துக்குள் வீடியோவுக்குக் கீழே ஒரே வசவு. ‘சத்தம் வரலையே.’ ‘உன் போன்ல மைக் அவுட்டு.’ ‘சவுண்டு இல்லாம குதிச்சா எங்களுக்கு என்ன தெரியும்?’ நலுபோவாவுக்கு மானம் போயிற்று. அழித்துவிடலாம் என்று போனை எடுத்துக்கொண்டு சைதூனியிடம் ஓடினாள். சைதூனி படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

“அடி பைத்தியமே, திட்டலடி, பாராட்டுறாங்க. அவங்களுக்கே தெரியாம பாராட்டுறாங்க.”

அடுத்த வீடியோவில் சைதூனியும் ஏறிவிட்டாள், மாவுக் கையோடு. தலைமாட்டில் ரேடியோ பாடியது.

“கேக்குதா? இது என் குரல். இது ரேடியோ. அங்க கத்துறது ஆடு. மைக் நல்லாத்தான் இருக்கு. இப்ப நாங்க ரெண்டு பேரும் குதிக்கப் போறோம், என் உடம்பை நல்லாப் பாத்துக்குங்க. கட்டில் ‘கிறீச்’சுன்னா இந்தக் கட்டிலையே மென்னு தின்னுடறேன்.”

ரேடியோவை அணைத்துவிட்டு இருவரும் குதித்தார்கள். ஆடு மட்டும் கத்தியது.

அந்த ஆட்டை இப்போது ஊருக்கே தெரியும். மோட்டார் சைக்கிள் சவாரிக்காரர்கள் நிறுத்தத்தில் பார்த்துச் சிரித்தார்கள், தேவாலயப் பாட்டுக் குழுவில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள், கடைசியில் அது போய்ச் சேர வேண்டியவர்களிடம் சேர்ந்தது. செங்கா என்றால் அப்பாவுடன் பிறந்த அத்தை. கல்யாணப் பெண்ணுக்கு எல்லாப் புத்தியும் சொல்லி அனுப்புகிறவள் அவள்தான். அவள் வேண்டாமென்றால் அந்தப் பொருள் வீட்டுக்குள் வராது. அப்படிப்பட்ட அத்தைமார்கள் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தூளில் நடந்து வந்தார்கள். ஒவ்வொருவராகக் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார்கள். ஒரு அத்தை குனிந்து கட்டில் காலில் காதையே வைத்துவிட்டாள்.

“என் அண்ணன் மக குடி போற இடத்துல பக்கத்து ரூமு பாஸ்டருதும்மா.”

“பாஸ்டருக்கு ஒண்ணும் கேக்காது, நியாபோ,” என்றாள் நலுபோவா மரியாதையாக. “நிம்மதியா ஜெபம் பண்ணுவாரு.”

தூசி படிந்து நின்ற கட்டில்கள் முதல் வாரமே போய்விட்டன. கொட்டகையைக் காலி செய்கிற பேச்சும் அவற்றோடு போயிற்று. ஆர்டர் குவிந்து, உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டாள். வைத்த ஆளுக்கு முதல் நாளே உளியைக் கொடுத்தாள்.

கசுஜ்ஜா சும்மா இருப்பாரா? அவரும் ஒரு வீடியோ போட்டார். நாலு தடித்த ஆட்கள் குதிக்க, பின்னால் பாட்டு அலறியது. கீழே ஆயிரம் பேர், ஐயா என்கிற மரியாதையோடு, ஒரே விஷயத்தை எழுதினார்கள்: ‘பாட்டை நிறுத்துங்க, செபோ.’ வீம்புக்குப் பாட்டில்லாமல் இன்னொன்று போட்டார். நடுவில் கிறீச்சென்று யாரோ கதவைத் திறக்கிறார்களா என்று சனங்கள் கேட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அதை அழித்துவிட்டார்.

பெரிய வியாழனுக்கு முதல் நாள் அவரே கொட்டகைக்கு வந்தார். வந்தார் என்பதைவிட, அவருடைய அக்கா இழுத்துக்கொண்டு வந்தாள் என்பதே சரி. அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. அந்தப் பெண்ணுக்குச் செங்கா இந்த அக்கா. தம்பி கடைக் கட்டில் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

“உட்காருடா,” என்றாள் அக்கா.

கசுஜ்ஜா உட்கார்ந்தார். மெல்ல ஆட்டினார், பிறகு வேகமாக, பிறகு கோபமாக ஆட்டினார். ஒன்றும் வரவில்லை. முழங்காலிட்டுப் பட்டிகளுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். ரப்பர் விரலில் பட்டதும் குனிந்து எட்டிப் பார்த்தார். என்ன இருந்தாலும் தச்சர், புரியாமல் இருக்குமா?

“எங்க கத்துக்கிட்ட?”

“உங்ககிட்டதான், பாஸ். உங்க கட்டில் ஒவ்வொண்ணும் எங்கெங்க முனகுதுன்னு கேட்டுக்கிட்டேதானே இத்தனை வருஷம் தேய்ச்சேன்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நலுபோவா சிரிக்கவில்லை. நெஞ்சு முட்ட அவளுக்குச் சந்தோஷம். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

“சும்மா நிக்காத,” என்றாள் அக்கா தம்பியிடம். “வேலை எப்படின்னு அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

“நல்ல வேலை,” என்று முனகினார் கசுஜ்ஜா.

சைதூனி எப்போது வந்தாளோ, வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“சத்தம் வரல, செபோ. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க.”

கசுஜ்ஜா அவளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரோடுவரை கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னார்.