கண்ணை மூடிக்கொண்டு நடந்த தேர்தல்

என் அப்பா வாழ்க்கையில் ஒரே ஒரு தேர்தலில்தான் தோற்றார். அவர் நின்ற ஒரே தேர்தலும் அதுதான். அதற்கு முந்தைய வருடங்களில் ஆக்லாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு அவரைத் தலைவராக்கிய முறையைத் தேர்தல் என்று சொல்ல முடியாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து அப்பாவின் பெயரை முன்மொழிவார். இன்னொருவர் வழிமொழிவார். அப்பா எழுந்து, தனக்கு வேண்டாம், இளம் ஆட்கள் யாராவது வரட்டும் என்பார். சபை ஒரே குரலில் மறுக்கும். அவர் ஒரு பெரிய பெருமூச்சு விட்டுச் சம்மதிப்பார். எல்லோரும் கைதட்டிவிட்டு வடைக்கும் தேநீருக்கும் போவார்கள். அந்தப் பெருமூச்சு உண்மையானது என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் அப்பா கச்சேரியில் வேலை பார்த்தவர். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல, மாவட்டத்தையே நிர்வகிக்கும் அரசாங்க அலுவலகம். அவருடைய கையெழுத்துக்காக ஆட்கள் வெயிலில் காத்து நிற்பார்களாம். ஆக்லாந்தில் அவருக்குக் கிடைத்தது பென்ரோஸில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு வேலை. அங்கே அவருடைய நீளமான பெயரை யாராலும் சொல்ல முடியாமல் வெட்டி வெட்டி 'சிவ்' என்று ஆக்கிவிட்டார்கள். வீட்டுத் தொலைபேசி அடித்தால் மட்டும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஓம், தலைவர் கதைக்கிறன்" என்பார். பீட்சா கடை என்று நினைத்துத் தவறாக எங்கள் எண்ணுக்கு அடித்தவர்களுக்கும் அதே பதில்தான்.

தலைவருக்கு இருந்த முக்கியமான வேலை விமான நிலையத்துக்குப் போவது. அந்த நாட்களில் சண்டைக்குத் தப்பி வந்த குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் இறங்கும். அப்பா வேலை முடிந்து, கண் சிவக்க, நேரே விமான நிலையம் இருந்த மாங்கரேக்கு வண்டியை விடுவார். வந்தவர்களை மவுண்ட் ரோஸ்கிலில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவார். அம்மா சோறும் பருப்பும் சமைத்து வைத்திருப்பார். என்னுடைய கட்டில் யாருக்கோ போய்விடும். பிறகு அவர்களுக்கு வாடகை வீடு தேட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், குளிருக்குப் போர்வை பிடிக்க வேண்டும். அப்பா நித்திரை கொள்ளும் நேரம் எது என்று எனக்குத் தெரியாது. தலைவர்களுக்கு நித்திரை தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

தேர்தல் நடந்த அந்த வருடக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில், மோட்டார்வேயில் அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். நான் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வண்டி மெதுவாகச் சாய்ந்து, புல்லில் ஏறி, குலுங்கிக் குலுங்கிப் போய், வாள் வாளாய் நீண்ட இலைகளுடைய ஃபிளாக்ஸ் புதருக்குள் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புதிதாக வந்திருந்த அக்காவின் மடியில் இருந்த கைக்குழந்தை விழிக்கக்கூட இல்லை. அந்த அக்கா மரியாதையாக வெளியே எட்டிப் பார்த்து, "இதுவோ அண்ணை உங்கட வீடு?" என்று கேட்டார்.

அதை நான் வீட்டில் பெரிய பகிடியாகத்தான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தார். பிறகு அப்பாவிடம் போய், இந்தப் பொதுக்கூட்டத்தோடு தலைவர் பதவியை விட்டுவிடச் சொல்லிக் கேட்டார். அம்மா எதையும் கேட்டு வாங்குகிறவர் அல்ல. அப்பாவும் மறுக்காமல் ஓம் என்றார். என் தலையில் கைவைத்துச் சத்தியம்கூடச் செய்தார். சத்தியம் செய்வதற்கு என் தலையை யாரும் என்னிடம் அனுமதி கேட்டு எடுத்ததில்லை.

அந்தச் சத்தியம் நிலைத்திருந்திருக்கும். நியூ லின்னில் டெய்ரி நடத்திய மாமாதான் கெடுத்தார். டெய்ரி என்றால் பால், பாண், பத்திரிகை விற்கும் மூலைக்கடை. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் போகும்போதெல்லாம் ஐஸ் தருவதால் எனக்கு எல்லாரையும்விட நெருங்கிய மாமா. இந்த முறை தலைவர் பதவிக்குத் தான் நிற்கப்போவதாக அவர் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். செய்தி அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

"நானாய்க் கதிரையை விட்டு எழும்புறது வேறை," என்றார் அப்பா. "ஒராள் வந்து எழும்பு எண்டு சொல்லுறது வேறை."

"எழும்பினால் சரிதானே," என்றார் அம்மா.

அம்மா சமையலறைக்குப் போனார். அங்கே பாத்திர மூடிகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பேசின. அப்பா மறுபடியும் நிற்பது என்று முடிவாயிற்று. என் தலைக்கு ஏதாவது ஆகுமோ என்று நான் சில நாட்கள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

நாட்டில் அப்போதுதான் வாக்களிக்கும் முறையையே மாற்றுவதா வேண்டாமா என்று ஒரு பெரிய வாக்கெடுப்பு நடந்து முடிந்திருந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. வார இறுதிகளில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "உங்களுக்குத்தான் அண்ணை, வேறை ஆருக்கு?" என்று சொல்லிப்போனார்கள். அதே ஆட்கள் நியூ லின்னுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு மாமாவிடமும் அதையேதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வராது. அப்பா கச்சேரியில் எத்தனையோ ஆட்களைப் பார்த்தவர். ஆனாலும் தன் வீட்டுச் சோறு தின்றவன் தனக்கு எதிராகப் போகமாட்டான் என்று அப்படியே நம்பினார்.

கூட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம், வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்தில் நடந்தது. வெளியே சாய்ந்து அடிக்கும் மழை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், பிள்ளைகள் பக்கச் சுவரோரமாகப் பாயில். வழக்கமாக எங்களை யாராவது சத்தம் போடாதே என்று அதட்டிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு நாங்களாகவே அடங்கிக் கிடந்தோம். மேடையில் கோட் போட்ட அப்பாவும் ஸ்வெட்டர் போட்ட மாமாவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடலாம் என்று மாமாவை ஆதரித்த ஒருவர் எழுந்தார். அப்பா ஒலிவாங்கியைப் பிடித்து, சங்கத்தின் யாப்பில், அதாவது விதிமுறைகளில், கை தூக்குவது என்றுதான் இருக்கிறது என்றார். யாப்பை எழுதியதே அவர்தான்.

"அண்ணை, உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு ஆர் எனக்குக் கை தூக்குவினம்?" என்று மாமா கேட்டார்.

"உங்களுக்குத் தூக்கேலாதவை எனக்குத் தூக்கட்டும்," என்றார் அப்பா.

மண்டபம் கொதித்துப்போயிற்று. பின்வரிசையில் ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வேறொருவர், இது கச்சேரி இல்லை, ஆக்லாந்து என்று கத்தினார். அப்பாவின் காதுகள் சிவந்துபோயின. இரண்டு குடும்பங்கள் குழந்தைகளுக்குக் குளிர்ச்சட்டை மாட்டத் தொடங்கின. இனிச் சங்கமே இரண்டாகப் போய்விடும் என்று பக்கத்தில் இருந்த பெரிய பெண்கள் குசுகுசுத்தார்கள். அப்பாவுக்கு அங்கே மட்டும்தான் முழுப் பெயர் இருந்தது. அதையும் எடுத்துவிட்டால் அவர் எங்கே போவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது எழுந்தவர், சென்னையிலிருந்து வந்ததால் நாங்கள் சென்னை அன்ரி என்று கூப்பிடும் ஒருவர். அவர் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்த்தார்.

"ஒண்ணு பண்ணலாங்க. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு கை தூக்குங்க. எங்க பசங்க அப்படித்தான் ஓட்டு போடுவாங்க. சண்டையே வராது."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். யாப்புப்படி கை தூக்கியதாகவும் ஆகும், யாரும் யாரையும் பார்க்கவும் மாட்டார்கள். பட்டதாரிகளும் எஞ்சினியர்களும் நிறைந்த அந்தச் சபை, நாலு வயதுப் பிள்ளைகளின் முறையை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. எண்ணுவதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. எண்ணுகிறவர் பார்த்துவிடுவாரே! கடைசியில் மண்டபத்தைப் பூட்டுவதற்காகக் கதவடியில் காத்திருந்த சமோவாப் பெண்மணியைக் கேட்டார்கள். பூப்போட்ட நீளச் சட்டையும் கையில் சாவிக்கொத்துமாக அவர் நடுவில் வந்து நின்றார். கண்ணைத் திறக்கிறவர்களை வெளியே அனுப்பிவிடுவேன் என்று ஆங்கிலத்தில் எச்சரித்தார். யாரும் அதைப் பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. பள்ளிக்கூடத்தில் இந்த விளையாட்டை ஆசிரியை வைக்கும்போதும் நான் மூடுவதில்லை.

அத்தனை பெரிய மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோட் போட்டவருக்கு யார் யார் என்று சமோவா அன்ரி கேட்டார். கைகள் எழுந்தன. சில உயரமாக, சில தோளளவில், சில எழுவதா வேண்டாமா என்று யோசித்தபடி. நான் முதலில் அம்மாவைத்தான் தேடினேன். பெண்கள் பக்கத்தில், மூன்றாவது வரிசையில், அம்மாவின் இரண்டு கையும் மடியில் கிடந்தன. கேள்வி விளங்கவில்லையோ என்று எனக்குப் பதறியது. ஓடிப்போய்த் தோளைத் தட்டலாமா என்று நினைத்தேன். சமோவா அன்ரி சாவிகள் குலுங்க ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு போனார். அம்மாவைக் கடந்தும் போய்விட்டார். அந்தக் கை அசையவே இல்லை.

பிறகு ஸ்வெட்டர் போட்டவருக்கு என்றார்.

அம்மாவின் கை எழுந்தது. தயங்கி அல்ல. வளையல்கள் முழங்கை வரை சரிந்து இறங்க, நேராக, மண்டபத்திலேயே எல்லாருடையதையும்விட உயரமாக நின்றது. கண்கள் இறுக மூடியிருந்தன. எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்களின் கைகளும் சுற்றிலும் எழுந்திருந்தன. ஃபிளாக்ஸ் புதரை எங்கள் வீடு என்று நினைத்த அக்காவின் கையும் அதில் இருந்தது. ஆனால் அவையெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

நான் பயந்து மேடையைப் பார்த்தேன். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததாக நினைவில்லை. நான் என் கண்களை அவசரமாக மூடிக்கொண்டேன்.

மாமா வென்றார். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் மறுபடி எண்ணச் சொல்லுமளவுக்குச் சின்னதும் இல்லை. அப்பா எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தம்பி, வாற புதன்கிழமை காலமை ஒரு குடும்பம் வருது. வயது போனவையும் இருக்கினம். நேரத்தோட போய் நில்லுங்கோ."

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாதான் வண்டியை ஓட்டினார். மழைத் துடைப்பான் கிறீச்சிட்டது. எந்தச் சந்தியில் அப்பா வெடிக்கப்போகிறார் என்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் வெடிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, சம்பல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அம்மா எடுத்து வைத்தார்.

புதன்கிழமை காலை அப்பா வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்து படுத்தார். நான் பள்ளி விட்டுத் திரும்பியபோதும் குறட்டை கேட்டது. தோல்வியில் மனமுடைந்து படுத்துவிட்டார் என்று எண்ணி, கதவுக்கு வெளியே நின்று அழுதேன். அம்மாமீது எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. யாரும் பார்க்கவில்லை என்ற துணிச்சலில் சொந்தப் புருஷனையே கவிழ்த்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் தமிழில் கேட்டதற்கெல்லாம் வாரக்கணக்காக ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அதேநேரம் அப்பா பார்த்துவிட்டார் என்பதை அம்மாவிடம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தால் அவர் வெட்கத்தில் செத்துப்போவார், வீடே உடைந்துவிடும் என்று பயம். ஒரு குடும்பத்தையே நான் ஒருத்தி தாங்கிப் பிடித்திருப்பதாக எனக்கு நினைப்பு.

அதை அப்படியே வளர்ந்து பெரியவளாகும் வரை காத்தேன். எனக்குப் பிள்ளை பிறந்து, உதவிக்கு அம்மா வந்து நின்ற நாட்களில் ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது மெல்ல வாய் திறந்தேன். அன்றைக்கு அப்பா கண்ணை மூடவில்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்றேன். அம்மா அதிர்ச்சியில் உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்து, அவர் கையைப் பிடிக்கவும் தயாராக இருந்தேன்.

அம்மா குழந்தையின் சட்டையை உதறி நேராக்கினார்.

"அந்த மனிசன் கோயில்ல சாமிக்கு முன்னாலயே கண் மூடமாட்டார். சனத்துக்கு முன்னால மூடுவாரே?" என்றார். "வாயால சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போய்த்தானே பிள்ளை கையைத் தூக்கினனான். அவர் பாக்காமல் வேற ஆர் பாக்க?"