முன் அறைக்குள் வந்த பூச்சிப்படை

எங்கள் அம்மாவுக்குத் துப்புரவு ஒரு தீராத வருத்தம், நோய் மாதிரி. விடியக் கூட்டிய முற்றத்தைப் பின்னேரமும் கூட்டுவார். மூலையில் ஒட்டறை கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர், கனடாவிலிருந்து பெரியம்மா வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து ஒட்டறைத்தடியைத் தொடவேயில்லை. நான் எடுத்தாலும் பறித்து வைத்துவிட்டு, போய்ப் படிக்கச் சொன்னார். அதுவரை என்னைப் படி என்று சொல்லியறியாத மனிசி. நானோ ஊர் வேலையெல்லாம் தலையில் போட்டுக்கொள்கிற பிள்ளை. எனக்குக் கை துறுதுறுத்தது.

கோப்பாயில் நாங்கள் இருந்த கல்வீடு பெரியம்மாவுடையது. அவர்கள் கனடா போனபோது, வீடு இருட்டிக் கிடக்கக்கூடாது, பொழுதுபட ஒரு விளக்காவது எரியவேண்டும் என்று எங்களை இருத்திவிட்டுப் போனார்கள். விளக்கு வைப்பதுதான் வாடகை. நான் பிறந்ததும் அந்த வீட்டில்தான். எங்களுக்கென்று வேறு வீடோ காணியோ கிடையாது. அப்பா மேசன் வேலைக்கு வன்னிப் பக்கம் போனால் கிழமைக்கணக்கில் வரமாட்டார். பெரியப்பா காலமான பிறகு பெரியம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மகனோடு இங்கேயே வந்துவிடலாமா என்று பார்க்கத்தான் இந்தமுறை வருகிறார். மகனுக்குப் பிடித்தால் வருவார்கள். அவர்கள் வந்தால் நாங்கள் வீட்டை விட்டு எழும்பவேண்டும். அம்மா இதை மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தது எனக்கு எங்கே தெரியும்? அண்ணை வருகிறான் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

கனடா அண்ணை, பெரியம்மாவின் மகன், என்னைவிட மூன்று வயது மூப்பு. சோற்றில் கல்லுக் கடித்தவன்போலத் தமிழ் கதைப்பான். அவனுடைய போனில் ஒரு விளையாட்டு இருந்தது. மாட்டளவு வண்டுகளும் பஸ் அளவு சிலந்திகளும் ஊருக்குள் புகுந்துவிடும். அவற்றிடமிருந்து தப்பிப் பிழைக்கவேண்டும். அதில் அவன் பெரிய சூரன். உயரத்தில் ஏறவேண்டும், கதவைப் பூட்டவேண்டும், தண்ணீரைச் சேமிக்கவேண்டும் என்று வந்த அன்றே எனக்கு வகுப்பு நடத்தினான்.

மார்கழி மாதம். பின்னேரம் மழை விட்டது. மழை விட்டால் ஈசல் வரும் என்று எங்கள் ஊரில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும்; யன்னலைச் சாத்திவிட்டுத்தான் லைட்டைப் போடுவோம். அன்றைக்கோ விருந்தாளிகளின் முன் அறையில் லைட் பளிச்சென்று எரிந்தது, யன்னல் இரண்டும் அகலத் திறந்து கிடந்தன. ஈசல் புகைபோல உள்ளே வந்தது. பின்னாலேயே கருவண்டுகள் வந்து சுவரில் டக்கு டக்கென்று மோதி விழுந்தன. அந்த அமளியில், சுவர்ப்படத்துக்குப் பின்னாலிருந்து விரித்த கையளவு சிலந்தி ஒன்று வயிற்றில் வெள்ளை முட்டைத்தட்டோடு இறங்கியது.

சூரன் கட்டிலில் ஏறி நின்று கத்தினான். பெரியம்மா கதிரையில் ஏறி, விடிந்ததும் டவுனில் ஹோட்டல் பார்க்கப்போவதாகச் சொன்னார்.

அம்மா வாசலில் அசையாமல் நின்றார். "உதெல்லாம் இஞ்சை வழமைதான் அக்கா. மாரியிலை ஈசல், கோடையிலை பூரான்."

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பழுது சொல்வதா? அறை லைட்டை அணைத்தேன். பேசினில் தண்ணீர் நிரப்பி விறாந்தையில் வைத்து, அதற்கு மேலே ரோச் லைட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். ஈசல் கூட்டம் வெளிச்சத்தைத் தேடிப்போய்த் தண்ணீரில் விழுந்தது. கட்டில் கால்களைப் பெரியம்மாவைக்கொண்டே தூக்குவித்து, பூச்சி ஏறாமல், தண்ணீர் விட்ட பால்மாத் தகர ரின்களுக்குள் இறக்கினேன். சிலந்தியைச் சிரட்டையால் மூடிப் பிடித்து, அண்ணைக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். அது வீட்டுக் காவல்காரன், கரப்பானைத்தான் தின்னும், கனடாக்காரரைத் தின்னாது என்று விளக்கினேன்.

நான் ஓடித்திரிந்த வேளையில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஆரடி உன்னைக் கேட்டது?" என்று பல்லைக் கடித்தார். யன்னல் சாத்த மறந்தது தெரிந்துவிட்ட வெட்கம் என்று நினைத்தேன். அம்மா யன்னல் சாத்த மறக்கிற ஆளா என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இருக்கவில்லை.

ஹோட்டல் கதை அதோடு நின்றது. அண்ணை போனை எறிந்துவிட்டு என் படையில் சேர்ந்தான். சிரட்டையும் கையுமாக வீடு முழுக்கத் திரிந்தோம். படத்துக்குப் பின்னால் திரும்ப விட்ட சிலந்திக்குத் தளபதி என்று பட்டம் கொடுத்தான். அம்மாவுக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கிணற்றடிக்குப் போய் வெறும் வாளியோடு திரும்புவார். கழுவி வைத்த அரிசியைத் திரும்பவும் கழுவுவார். ஒருநாள் அண்ணையிடம், கிணற்றுக்குள் பாம்பு இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். பாவம், அவன் அதைப் பார்க்காமல் சாப்பிட வரமாட்டேன் என்று கிணற்றடியிலேயே நின்றுவிட்டான்.

அவர்கள் வெளிக்கிடுகிற அன்று, ஏற்றிப்போக வந்த வான் படலை வாசலில் நிற்க, பெரியம்மா என் தலையைத் தடவினார்.

"இவன் இஞ்சை ஒரு கிழமை தாங்கமாட்டான் எண்டு நினைச்சுத்தான் வந்தனான். இப்ப திரும்பிப் போகமாட்டன் எண்டு அழுறான். வாற வருசம் வந்திடுவம்." பிறகு அம்மாவைப் பார்த்து, "எல்லாம் உன்ரை மகளாலைதான்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத புளுகம்; துள்ளிக் குதித்தேன். அம்மா, "ஓம் அக்கா" என்றார்.

வான் போனதும் அம்மா ஒட்டறைத்தடியை எடுத்துக்கொண்டு முன் அறைக்குள் போனார். மூலை மூலையாக அடித்து இறக்கினார். படத்தைக் கழற்றித் தட்டினார். தளபதியும் முட்டைத்தட்டும் குப்பையோடு போயின. நான் அவர் காலைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதேன்.

"அக்கா ஆக்கள் வந்து இருக்கப்போற வீடு," என்றார் அம்மா. "துப்புரவாக் குடுக்கவேணும்."

அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆருக்கு எந்த அறை என்று அம்மாவுக்கு ஒழுங்கு சொல்லத் தொடங்கினேன். முன் அறை அண்ணைக்கு. நடு அறை பெரியம்மாவுக்கு. நாங்கள் மூன்று பேரும் சாமி அறைப் பக்கமாக ஒதுங்கிப் படுக்கலாம், எல்லாருக்கும் இடம் காணும் என்றேன். அம்மா அண்ணாந்தபடி ஒட்டறை அடித்துக்கொண்டேயிருந்தார்.