எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்ற வேலி

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவர் முன்னாலும் கை நீட்டியதில்லை. கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எழுத்து தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் காடு, மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்ட நிலம்; அதை ஒட்டி வனம். மாசி பிறந்தால் சேலத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் முதல் பஸ்ஸில் வருவார்கள். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, கூலி வாங்காமல், மரக்கன்றுகளை எழவிடாமல் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியை வேரோடு தோண்டுவார்கள்.

முதல் வருடம் எங்கள் காட்டோரம் வந்தபோது தடுத்தேன். அங்கே அந்த முள் வேலியாக அடர்ந்து நின்றால்தான் காட்டுப்பன்றி கிழங்குக்கு வராது. அதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. இது எங்கள் பட்டா, கை வைக்காதீர்கள் என்றேன். எல்லைக்கல் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். மறுபேச்சில்லாமல் விலகிப் போனார்கள்.

இந்த மாசியில், போன வருடம் சுத்தம் செய்த இடமெல்லாம் மறுபடியும் முளைத்திருந்தது. அவர்களை நடத்தி வரும் பெண் நர்ஸ் வேலை பார்க்கிறவள். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, "நாங்கதான் வேரைச் சரியா எடுக்கல போலங்க அம்மாயி" என்றாள்.

அவித்து எடுத்துப் போன கிழங்கைக் கீழே வைத்தேன்.

"வேரில்ல கண்ணு. என்ற வேலிப் பழத்தைத் தின்னுபோட்டுக் குருவி போட்ட வெதை. அது பட்டாவும் இல்ல. கல்லுக்கு அந்தாண்ட, வனத்துலதான் நிக்குது."

எல்லோரும் கையை நிறுத்தினார்கள். ஒருவன் மட்டும், "அப்ப இத்தனை வருசமா உங்க வேலிக்கு நாங்க பண்ணையாளுங்களா அம்மாயி?" என்றான். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அது வரும். அந்தப் பெண் திட்டவில்லை.

"கெழங்கு புடுங்குற வரைக்கும் வேலி நிக்கட்டுங்க. பழத்தை மட்டும் உருவிக்கிறோம்."

சாயங்கால பஸ் வரும்வரை நின்று, கையெல்லாம் முள் கிழிக்க உருவிச் சாக்கில் கட்டினார்கள். எனக்காக.

மறுநாள் காலை அருவாளை எடுத்துக்கொண்டு போய் நானே வேலியை வெட்டத் தொடங்கினேன். வெட்டி முடித்த வாரமே பன்றி வந்து பாதிக் கிழங்கைக் கிளறிப் போட்டது. அவ்வளவு போயும் மனசு ஆறவில்லை.

எழுதுனது போதுஞ் சாமி, மொதல்ல இருந்து படிச்சுக் காட்டு. பட்டான்னு தெரியாம சொல்லிப்போட்டேன்னு எழுதியிருந்தீன்னா, அதை அடிச்சுப்போடு. தெரிஞ்சுதான் சொன்னேன்.