நம்பர் அக்கா மாத்திரையை நிறுத்தியது

மின் பேனல் செய்யும் அந்தப் பட்டறையில் எல்லாரும் அவளை நம்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளுயர இரும்புப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வயர்கள் ஓடும். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒரே எண் போட்ட சின்னப் பிளாஸ்டிக் வளையம் இருக்கும். பெட்டி தயாரானதும் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்றுகொண்டு மீட்டரில் இருந்து நீளும் இரண்டு முள்ளையும் ஒரே வயரின் இரு முனைகளில் வைத்துப் பார்ப்பார்கள். முன்னால் நிற்பவர் எண்ணைச் சொல்ல, பின்னால் நிற்பவர் அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வயர் சரியாக இருந்து மீட்டர் பீப் என்றால் அடுத்த வயருக்குப் போகலாம். எண் சொல்வதற்கென்றே அமைந்த கணீர்க் குரல் அவளுக்கு. அதற்கு மேல் அவளைப் பற்றிப் பட்டறையில் யாரும் புகழ்ந்து பேசியதில்லை. பேசும்படியாக அவளும் எதுவும் செய்துவிடவில்லை.

அவளுக்குக் கவனம் நிற்காது. வயரை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே லாரி பின்னோக்கி வருவதைப் பார்க்கப் போய்விடுவாள். வீட்டில் அடுப்பை அணைக்க மறந்து இரண்டு பாத்திரங்கள் கருகிப்போயிருந்தன. மகளைப் பள்ளியில் இருந்து கூட்டிவர வேண்டிய ஒரு நாள் அது நினைவே இல்லாமல் துணிக்கடையில் நின்றிருந்தாள். பூட்டிய கேட்டுக்கு வெளியே மகள் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் மருத்துவரிடம் போனாள். அவர் நிறையக் கேள்வி கேட்டு, இது கவனக் குறைபாடு என்று சொல்லி, தினமும் காலையில் போடச் சொல்லி ஒரு மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது, அவளே மிரளும் அளவுக்கு. தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்ததுபோல் இருந்தது. வயர்களைச் சீப்பால் வாரியதுபோல் அடுக்கினாள். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பட்டறையில் மிஞ்சிய எண் வளையங்களைக் கோத்துவிட்டாள்.

"ஏம்மா, உப்பு எந்த நம்பரு?" என்று கேட்டான் கணவன். பள்ளி வேன் ஓட்டுகிறவன்; எதையும் கேலியாகத்தான் ஆரம்பிப்பான்.

"பதினேழு."

"எனக்குப் பசிக்குது. அது எந்த நம்பர்னு சொன்னா நானே எடுத்துப் போட்டுக்குவேன்."

அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பசியே இல்லாமல் போயிருந்தது. மற்றவர்களுக்குப் பசிக்கும் என்பதும் மறந்துபோயிருந்தது.

பட்டறையில் ஃபோர்மேன் அவளைச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார். சோதித்து முடித்த பெட்டியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அதில் கையெழுத்துப் போடும் வேலை. வருஷக்கணக்காக அவள் ஆசைப்பட்ட இடம். "இந்த ரெண்டு மாசமாத்தான் நீ ஒரு ஆளா இருக்கே," என்றார் அவர், பாராட்டாகத்தான். அப்படியானால் அதற்கு முன்னால் இருந்தது யார் என்ற கேள்வி, மாடிப்படி ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்ட அன்று மாலைதான் அவளுக்கு வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே இருந்து மகள், "அம்மா, ஏன் படியில உக்காந்துட்ட?" என்றாள். மறுநாளிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. மருத்துவரிடம் சொல்லவுமில்லை. இரண்டே மாதம் போட்ட மாத்திரை, அதற்கு எதற்கு அனுமதி என்று நினைத்தாள்.

பிறகு வந்தது தூக்கம். மூட்டையைத் தூக்கிப் போட்டதுபோல் தூங்கினாள். எழுந்தால் கண்மண் தெரியாத பசி. சாப்பிட்டால் மறுபடி தூக்கம். விழித்திருந்த நேரத்தில் எதிலும் சுவை இல்லை. மகள் பரிசு வாங்கிய ஓவியத்தைக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் நன்றாக இருப்பதாகத் தோன்றவில்லை. செருப்பு வார் அறுந்ததற்குத் தெருவில் நின்று அழுதாள். அந்தச் செருப்பு அவளுக்குப் பிடித்த செருப்புகூட இல்லை.

"செருப்புக்கா அழற? எனக்கு ஏதாவது ஆனா இவ்வளவு அழுவியா?" என்று கணவன் கேட்டுப் பார்த்தான். அதற்கும் அழுதாள். அவன் கேலியை விட்டுவிட்டு வேன் சாவியை எடுத்தான்.

மருத்துவரம்மா கோபப்படவில்லை, ஆனால் மெச்சவும் இல்லை. "நெஞ்சு அடிச்சதும் எங்கிட்ட வந்திருக்கணும். நீங்களா நிறுத்தினது தப்பு," என்றார். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், இதயத்துக்கு ஒரு பரிசோதனை எடுத்தார். கோளாறு ஒன்றும் இல்லை என்றார்.

"அப்ப ஏன் டாக்டர் இவ இப்படிக் கெடக்கறா?" என்று கேட்டான் கணவன்.

"மாத்திரை தள்ளிக்கிட்டு இருந்துச்சு. இப்ப தள்ள ஆள் இல்ல, உடம்பு அசந்துபோய்க் கெடக்குது. கொஞ்ச நாள்தான் போட்டிருக்காங்க, அளவும் கொறைச்சல். பெரும்பாலும் சில நாள்ல, மிஞ்சினா சில வாரத்துல தெளிஞ்சிடும். தூக்கம் வந்தா தூங்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடணும், காலையில வெளிச்சத்துல கொஞ்சம் நடக்கணும். தூக்கத்தை விரட்ட காபியா குடிச்சுத் தள்ளக் கூடாது. மிச்சம் இருக்கற மாத்திரையைப் பாதி கால்னு நீங்களா போட்டும் பாக்கக் கூடாது." பிறகு கணவனைப் பார்த்து, "வாழ்ந்து என்ன செய்யப் போறோம்னு இவங்க பேச ஆரம்பிச்சா காத்திருக்காதீங்க. நேரம் காலம் பாக்காம கூட்டிட்டு வாங்க," என்றார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல டாக்டர்," என்றாள் அவள். "மறதி முன்னாடியே இருந்தது. இப்ப இருக்கற மந்தம் மாத்திரை விட்டதால வந்ததுன்னு சொல்றீங்க. எது எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"இப்போதைக்குத் தெரிஞ்சுக்க முடியாது. தெளிஞ்ச பிறகு வாங்க. வேற மருந்து வேணுமா, மருந்தே வேணாமா, அப்பப் பேசலாம். அதுவரைக்கும் உங்களைப் பத்தி நீங்களே பெரிய முடிவுக்கு வராதீங்க."

வேனில் திரும்பும்போது அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். முடிவுக்கு வராமல் இருப்பது என்றால் என்ன செய்வது? முடிவுக்கு வராமல் இருப்பதும் ஒரு முடிவுதானே. அதை எடுத்தது யார்? பள்ளிப் பிள்ளைகள் சிந்திய பிஸ்கட் தூள் இருக்கையில் கிடந்தது. அதை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள், பிறகு மறுபக்கமாக ஒதுக்கினாள்.

அந்த வாரத்தில்தான் பட்டறைக்குத் தொலைபேசி வந்தது. ஒரு குடியிருப்புக்கு அனுப்பிய தண்ணீர் பம்ப் பேனலில் கோளாறு. ஒன்றாம் பம்பை நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் இரண்டாம் பம்ப் நிற்கிறதாம். தண்ணீர் வழிந்து மாடிப்படி முழுக்க ஓடியிருக்கிறது. பச்சை ஸ்டிக்கரில் இருந்தது அவள் கையெழுத்து. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது, மிகத் தெளிவாக இருந்த நாள் ஒன்றில் போட்டது.

ஒரு முனையில் இரண்டு வயரின் எண் வளையம் மாறிப்போயிருக்க வேண்டும்; அப்படி மாறியிருந்தால் மீட்டர் பீப் சொல்லியிருக்கவே கூடாது. எப்படிச் சொன்னது? பதில் நெட்டையிடம் இருந்தது. அவளோடு சோதனைக்கு நிற்கும் ஒல்லியான ஆள் அவன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கதவு நிலையில் தலை இடிக்காமல் ஒரு நாளும் உள்ளே வரமாட்டான்.

"அக்கா, திட்டாதீங்க. அந்தப் பெட்டியைப் பேக் பண்றப்ப உள்ள தாமிரக் கம்பி கட்டியே இருந்துச்சு. நான்தான் அவுத்துப் போட்டேன். அப்ப எனக்கு ஒண்ணும் தோணல."

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. உயர் மின்னழுத்தச் சோதனை என்று ஒன்று உண்டு. அதற்கு எல்லா முனைகளையும் ஒரு வெற்றுத் தாமிரக் கம்பியால் சேர்த்துக் கட்டுவார்கள். வழக்கமாக அது கடைசியில் செய்வது. அன்று நேரம் மிச்சமாகும் என்று அவள் வரிசையை மாற்றி அதை முதலில் செய்தாள். கம்பியை அவிழ்க்காமலே வயர் சோதனைக்குப் போயிருக்கிறாள், அதுவும் தனியாக. "நீ போ, நான் ஒருத்தியே பாத்துக்கறேன்," என்று நெட்டையைத் துரத்தியது நினைவிருந்தது. கம்பி கட்டியிருந்தால் எதை எதோடு தொட்டாலும் பீப் கேட்கும். அன்று நூற்றுக்கணக்கான முறை பீப் கேட்டது. ஒவ்வொன்றும் அவளுக்கு இனித்தது.

மறதிக்காரி என்பதால் கம்பியை மறந்தாளா? அப்படியென்றால் மாத்திரை எதைத்தான் சரி செய்தது? இல்லை, தன்னால் தவறே செய்ய முடியாது என்ற அந்த நாட்களின் மிதப்பு மறக்க வைத்ததா? அப்படியென்றால் பழைய மறதிக்காரி அந்த இடத்தில் நெட்டையைத் துணைக்கு வைத்துக்கொண்டு தப்பித்திருப்பாள். இரண்டையும் மாறி மாறி நினைத்தாள். காலையில் ஒன்று சரியாகப் பட்டது, சாப்பாட்டுக்குப் பிறகு மற்றது. யோசிக்கிற தலையே மந்தமாக இருக்கும்போது அதன் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியவில்லை.

ஃபோர்மேன் அதிகம் சத்தம் போடவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. "ஆனது ஆச்சு. ஆஸ்பத்திரி பேனல் வெள்ளிக்கிழமை போகணும். டெஸ்ட் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டிடுவியா? மாட்டேன்னா சொல்லு, அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டுப் போறேன்."

கைப்பையில் மிச்ச மாத்திரை இருந்தது. தினம் ஒன்று போட்டால் வெள்ளிக்கிழமை வரை ரேடியோ அணைந்தே இருக்கும்; அவர் சொன்ன அந்த 'ஆள்' திரும்ப வந்துவிடுவாள். அந்த ஆள் கம்பியை அவிழ்ப்பாளா என்பதுதான் தெரியவில்லை.

"முடியாது சார்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள், நிறுத்தியதையும் சொன்னாள்.

"மாத்திரையா? என்ன மாத்திரை, போதையா?"

"டாக்டர் எழுதிக் குடுத்தது சார்."

"டாக்டரே குடுத்ததுன்னா போட்டுக்க வேண்டியதுதானே?"

"அதைப் போட்டப்பதான் சார் கம்பியோட டெஸ்ட் பண்ணினேன்."

"போடாதப்ப மட்டும் என்ன கிழிச்சே? ஒரு தடவ எர்த் வயரையே மறந்தவதானே நீ."

"ஆமா சார்."

"அப்ப எதுதான்மா காரணம்?"

"தெரியல சார்."

"தெரியலன்னா எப்படி?"

"தெரியலங்கறதாலதான் சார் முடியாதுங்கறேன்."

இவ்வளவு ஒழுங்கான பதிலை அவளிடம் அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, பிடித்ததாகவும் தெரியவில்லை. மேசையில் இருந்த பச்சை ஸ்டிக்கர் சுருளை எடுத்து நெட்டையிடம் நீட்டினார். "நீ முன்னாடி நில்லு. இவ பின்னாடி நிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்." அந்த அப்புறம் எப்போது என்று அவர் சொல்லவில்லை.

சொன்னது துணிச்சலா, சோம்பலா என்று பேனலின் பின்பக்கத்துக்கு நடந்து போகும்போது யோசித்தாள். தூக்கம் வருகிறவள் வேலையில் இருந்து நழுவ இதைவிட நல்ல வழி கிடையாது. நெஞ்சைத் தொட்டுச் சொல் என்பார்களே, தொட்டுப் பார்த்தாலும் அங்கே இப்போது எதுவும் கேட்கவில்லை. நெட்டை முன்னால் நின்று தொண்டையைச் செருமினான். எண் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. கடன் கேட்கிறவன்போல் இழுத்து இழுத்துச் சொன்னான். அவள் வயரைத் தேடி முள்ளை வைத்து எண்ணைத் திருப்பிச் சொன்னாள். பீப். அடுத்தது. பீப்.

எத்தனையாவது வயரிலோ அவள் குரல் வரவில்லை. முள் வயரில் இருந்தது, மீட்டர் பீப் என்றுதான் சொல்லியது. நெட்டை அடுத்த எண்ணுக்குப் போயிருக்கலாம். போகாமல் நின்றான்.

"அக்கா?"

"கேட்டுச்சு. ஆனா நீ என்ன நம்பர் சொன்னேங்கறது மறந்து போயிடுச்சு. திரும்பச் சொல்லு."

அவன் திரும்பச் சொன்னான்.