புருஷனுக்கான பொட்டலம்

பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். பாஞ்சாலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பனமலைப் பக்கம் பிறந்து, ஓமந்தூருக்கு வாழ்க்கைப்பட்டவள். நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க இறங்கினால் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். புருஷன் முருகையன் லாரி ஓட்டுகிறான். திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவில் நான் ஆலோசகர். அந்த முருகையனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணமான மறு வருஷம், வெள்ளைப்படுகிறது, எரிகிறது என்று வந்தாள். சோதனையில் கொனோரியா. ஊரில் வெட்டை என்பார்கள். ஒரு பொட்டலம் மாத்திரையை என் எதிரிலேயே விழுங்க வைத்தேன். இன்னொன்றைக் கையில் கொடுத்தேன்.

"இது உங்க ஊட்டுக்காரருக்கு. அவரும் போட்டாதான் சரியாவும். அதுவரைக்கும் ஒண்ணா இருக்காதீங்க."

தலையைத் தலையை ஆட்டினாள்.

முருகையன் பொட்டலத்தைத் தொடவே இல்லை. "இஞ்சின் சூடு ஒடம்புல ஏறிப்போச்சி. எளநி குடிச்சா சரியாப் பூடும். என்னை இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கற?" என்று கத்தியிருக்கிறான். சண்டைக்குப் பயந்து அவளும் விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒரு தைரியம் வேறு இருந்தது. சின்ன வயதில் அம்மை வார்த்து, வேப்பிலையில் படுத்து எழுந்தவள். ஒருமுறை வந்து இறங்கினால் மறுபடி வராது என்று ஊரே சொல்லும். இதையும் அப்படியே நினைத்துக்கொண்டாள். அடிப்பாவி! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இந்தக் கிருமி அம்மை மாதிரி இல்லை. எத்தனை முறை வந்து போனாலும் உடம்பு இதை எதிர்க்கக் கற்றுக்கொள்வதில்லை. ஒவ்வொரு தடவையும் வேஷம் மாற்றிக்கொண்டு வரும். இதற்கென்று ஒரு தடுப்பூசி கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்காரர்களே திணறுகிறார்கள்.

புருஷனிடமிருந்து மறுபடி தொற்றியது. இந்த முறை எரிச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. சத்தமில்லாமல் உள்ளே வேலையைப் பார்த்தது.

குழந்தை உண்டாகவே இல்லை. மாமியார் அஞ்சம்மாள் முதலில் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனாள், பிறகு வாய்க்கு வந்தபடி ஏச ஆரம்பித்தாள். கடைசியில் அடிவயிற்று வலி தாங்காமல் விழுப்புரத்தில் படம் எடுத்தார்கள். கருக்குழாய் இரண்டுமே அடைத்துப்போயிருந்தன. படத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாத்திர போட்டா தொறந்துக்குமா மேடம்?"

"இல்ல பாஞ்சாலி" என்றேன். கிருமியை மருந்து கொல்லும். அது விட்டுப்போன தழும்பை ஒன்றும் செய்யாது. இதை அவளிடம் சொல்லிவிட்டு, படத்தை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள்.

போன மாதம் மறுபடி வந்தாள். மலடி என்று இவளை ஒதுக்கிவிட்டு, முருகையனுக்கு வல்லத்தில் ஒரு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்களாம். நான் ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து அவள் முன்னால் தள்ளினேன்.

"போலீஸ்ல எழுதிக் குடு. நானும் கூட வர்றேன்."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் மேடம். அந்தப் பொட்டலம் இன்னொண்ணு குடுங்க."

"ஏன், உனக்கு மறுபடி எரியுதா?"

"எனக்கு இல்ல, அவருக்கு. என் கண்ணு முன்னாடி முழுங்கணும். இல்லன்னா மணவறையில வெச்சே எல்லாத்தையும் சொல்லிப்புடுவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணுக்குப் பத்தொம்பது வயசுதான் ஆவுது மேடம். அதுவாச்சும் பெத்துக்கட்டும்."