முதலாளியாகப் போக நினைத்தவர்

டைல்ஸ் மேஸ்திரிக்கு வெளிநாட்டில் ஒரு கட்டட வேலை காத்திருந்தது. வேலை விசா வர ஆறு மாதம் ஆகும், பிசினஸ் விசா என்றால் மூன்றே வாரம் என்றார் ஏஜென்ட். "கேட்டா சொந்தக் கம்பெனின்னு சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கிறேன்."

படிவத்தை நிரப்பிய மகளுக்கு மனசு ஒப்பவில்லை. "அப்பா, அந்த விசாவுல போனா மீட்டிங்ல பேசலாம், ஒரு கல்லுகூட ஒட்டக் கூடாது. மாட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க."

"உங்கப்பன் என்னைக்கு மீட்டிங்ல பேசினான்? போய்ப் பாத்துக்கலாம், விடும்மா."

நேர்காணலுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனார். "உங்க கம்பெனி என்ன பண்ணுது?" என்று அதிகாரி கேட்டார். மனப்பாடம் செய்த பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதற்குள் காலடியில் ஒரு டைல்ஸ் 'டொக்'கென்றது. மேஸ்திரி குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"சார், இதுக்கடியில கலவையே இல்ல. சீக்கிரம் உடைஞ்சிரும். பேத்துட்டு மறுபடி ஒட்டணும்."

"நீங்களே ஒட்டுவீங்களா?"

"பின்னே வேற யாரு சார்?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாசலில் மகள் நின்றிருந்தாள். "என்னப்பா ஆச்சு?"

"இல்லேன்னுட்டாங்க. அந்த ஆறு மாச ஃபாரத்தை எடு கண்ணு. இந்தத் தடவை கல்லு ஒட்டுறவன்னே எழுது."